பண்டாரவன்னியனைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள்

கேள்வி:

அன்பின் அக்காவுக்கு, எனக்கு 23 வயது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்தேன். பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. இப்போது சந்தியில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் நிற்கிறேன். மாதம் 35,000 ரூபாய். இரவில் யூடியூப் பார்த்து, வீடியோ கேம் செய்யும் யூனிட்டி மென்பொருளைப் பழகினேன். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வன்னி மன்னன் பண்டாரவன்னியனைப் பற்றிப் பெரிய முப்பரிமாண வீடியோ கேம் ஒன்று செய்யவேண்டும் என்பது என் கனவு. அதன் கதையை 64 பக்கத்தில் எழுதி இத்துடன் அனுப்புகிறேன். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் முழுநேரமாக இதில் இறங்கலாமா? என்னுடையது 4 ஜிபி பழைய மடிக்கணினி, திணறுகிறது. அம்மா தன் சங்கிலியை அடகு வைத்து நல்ல கணினி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? தமிழில் செய்தால் யாராவது விளையாடுவார்களா? கடையில் நின்று நின்று மூளையே பழுதாகிவிடும் போலிருக்கிறது. ஒரு அப்பு அதே உடைந்த பட்டன் போனை மூன்றாவது தடவையாகத் தூக்கிக்கொண்டு வருகிறார். புதிது வாங்குங்கள் என்றால் கேட்கிறார் இல்லை. என் காலம் இப்படியே போய்விடுமா?

பெயர் வேண்டாம், விசுவமடு.

பதில்:

தம்பி, முதலில் சங்கிலி. அது அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். நுண்கடன் எடுத்த வீடுகளின் படலையில் கிழமைக்கொரு தடவை யார் வந்து நின்றார்கள் என்பதை வன்னியில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வங்கி அடகு அவ்வளவு மோசமில்லை என்பீர்கள். சரி. ஆனால் அடகை மீட்கும் தவணையும் விளையாட்டு வெளிவரும் தேதியும் ஒத்துவந்ததை இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவையும் காணவில்லை. விளையாட்டு எப்போதும் பிந்தும். வட்டி பிந்தாது.

அந்தக் கணினி தேவையும் இல்லை. உங்கள் மடிக்கணினியைத் திணறடிப்பது யூனிட்டியும் அதற்குள் நீங்கள் இறக்கிவைத்த கோட்டையும்தான். யூனிட்டி போலவே கோடோ என்றொரு கேம் எஞ்சின் இருக்கிறது. ஆர்ஜென்டினாக்காரர் இருவர் தொடங்கியது, 2014 இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். காசும் இல்லை, விற்றால் பங்கும் கேட்கமாட்டார்கள். தரவிறக்கமும் சிறியதுதான். டேட்டாவை எண்ணியெண்ணிச் செலவழிக்கும் நமக்கு இது பெரிய விடயம். புதிய செயற்றிட்டம் தொடங்கும்போது 'கம்பாட்டிபிலிட்டி' என்பதைத் தெரிவுசெய்யுங்கள், பழைய கணினியிலும் ஓடும். இருபரிமாணத்தில் செய்வதானால் 4 ஜிபியோடு சமாளிக்கலாம். போதாவிட்டால் எங்காவது கழற்றிய பழைய ராம் ஒன்றைத் தேடிப் போடுங்கள். அதை எப்படிப் போடுவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அந்த 64 பக்கம். வாசித்தேன், இரண்டு இரவு பிடித்தது. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டை பண்டாரவன்னியனிடம் விழுந்ததற்கும் ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் அவன் தோற்றதற்கும் இடைப்பட்ட இரண்டு மாதத்தை நீங்கள் கற்பனையால் நிரப்பியிருக்கும் விதம் அழகு. காட்டுக்குள் பீரங்கியை இழுத்துவரும் இடத்தில் எனக்கே வியர்த்தது. வாசித்து முடித்துவிட்டு ஒரு பென்சிலை எடுத்து, விளையாடுபவர் என்ன செய்கிறார் என்று சொல்லப்பட்ட இடங்களில் மட்டும் கோடு போட்டுக்கொண்டு போனேன். 64 பக்கத்தில் ஏழு கோடு விழுந்தது. ஏழிலும் 'வாளால் வெட்டுகிறார்'.

உங்களுக்குக் கதை எழுத வருகிறது. விளையாட்டு வடிவமைப்பில் இன்னும் கைவைக்கவில்லை. கோபிக்க வேண்டாம், எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். பேரரசர்கள், படைகள், நாற்பது கட்டங்கள் என்று எல்லாம் இருக்கும். விளையாடுபவருடைய கைக்கு மட்டும் வேலை இருக்காது.

சின்ன வயதில் கிளித்தட்டு மறித்திருப்பீர்கள். குறுக்குக் கோட்டில் நிற்பவர் தன் கோட்டை விட்டு அசையமுடியாது. மறிக்கும் அணியில் கிளி எனப்படுபவர் மட்டும் நடுக்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் ஓடலாம். கிளியின் அந்தச் சலுகையைப் பறித்துப் பாருங்கள்: மறிப்பவருக்கு இடமும் வலமும் ஆட்டம் காட்டிவிட்டு யாரும் புகுந்துவிடுவார்கள், பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். கிளி எங்கும் ஓடலாம் என்று விட்டுப் பாருங்கள்: ஒருவரும் பெட்டியைத் தாண்டமாட்டார்கள், அதுவும் அலுத்துவிடும். பெட்டிக்குள் நிற்கும்போது முன்னால் மறிப்பவரைப் பார்ப்பதா, பக்கத்தால் வரும் கிளியைப் பார்ப்பதா என்று கழுத்து அங்குமிங்கும் திரும்புமே, அந்தத் திருப்பத்தை உண்டாக்குவதற்குத்தான் விளையாட்டு வடிவமைப்பாளர்களான எங்களுக்குச் சம்பளம். கிளித்தட்டில் அரசனும் இல்லை, ஒரு வரிக் கதையும் இல்லை.

கதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. லூகாஸ் போப் என்பவர் தனியாளாக ஒன்பது மாதமளவில் செய்து 2013 இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற விளையாட்டைத் தேடிப் பாருங்கள். எல்லைச் சாவடி ஒன்று. நீங்கள் அதிகாரி. மேசையில் வருபவரின் கடவுச்சீட்டு, பக்கத்தில் பச்சையும் சிவப்புமாக இரண்டு முத்திரை. எத்தனை பேரைச் சரியாகப் பார்த்து முடிக்கிறீர்களோ அத்தனைக்குத்தான் கூலி. பிழைகள் கூடினால் வெட்டு விழும். மாலையில் அந்தக் காசில் வீட்டாரின் சாப்பாட்டுக்கும் குளிர்காயவும் கணக்குப் பார்க்கவேண்டும். கணவனின் தாள்கள் சரியாக இருக்கும், பின்னால் வரும் மனைவியினுடையது சரியாக இராது. விளையாடுபவர் செய்வது ஒன்றே ஒன்று: ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்துவது.

நான் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள். அம்மாவின் சேலைத் தலைப்பை ஒரு கையிலும் வியர்வையில் நனையாமல் அடையாளத் துண்டை மறு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த விளையாட்டில் மறுபக்கக் கதிரையில் உட்கார்ந்து, வரிசை நீண்டுகொண்டு போகிறதே என்ற எரிச்சலில் சிவப்பைக் குத்திக் குத்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது ஆளில் என் கை நின்றது என்று நினைவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தது நினைவிருக்கிறது.

இன்னொன்று, நம் மொழிக்காரரின் கையால் வந்தது. டொரொன்டோவில் ஒரு சிறு குழு செய்து 2023 இல் வெளியிட்ட 'வெண்பா'. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், சமையல். அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகத்தில் எழுத்துகள் பாதி அழிந்துபோயிருக்கும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போய்ச்சேரும் என்று நீங்களே கண்டுபிடிக்கவேண்டும். அடுத்த வருடம் பிரித்தானியாவின் பஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. தட்டு அடுக்குவதற்கு!

இப்போது உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடத்துக்கு வருகிறேன். அந்த அப்பு ஏன் மூன்றாவது தடவையும் அதே போனைக் கொண்டுவந்தார்? நீங்கள் எழுதவில்லை. அவரிடம் கேட்டீர்களா? பீரங்கியை எல்லாம் விட்டுவிட்டு இரண்டு நாளாக நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மேசையை வரையுங்கள். காந்தத் தட்டில் ஆறு திருகாணி. செம்மண் தூசி அடைத்த சார்ஜ் துவாரத்தோடு ஒரு போன், ஊதிப்போன பட்டரியோடு இன்னொன்று, குளத்தில் விழுந்து அரிசிப் பானைக்குள் இரண்டு நாள் கிடந்துவிட்டு வந்த மூன்றாவது. ஐந்து மணிக்கு மின்சாரம் நிற்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். சூட்டுக்காற்றுக் கருவியால் பார்க்கவேண்டிய வேலை இரண்டுக்குத்தான் நேரம் இருக்கிறது. மூன்று பேர் வாங்கில் காத்திருக்கிறார்கள்: வெளிநாட்டிலிருந்து மகன் இன்றிரவு அழைப்பான் என்று சொல்லும் தாய், நாளைக்குப் பரீட்சை விண்ணப்பம் அனுப்பவேண்டிய மாணவி, அந்த அப்பு. புதுப் போன் ஒன்றை விற்றுவிட்டால் கொமிஷன் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். யாருடையதை முதலில் திறப்பீர்கள்? பழுது பெரிதென்று பொய் சொல்வீர்களா? திறந்த பிறகு, சரிதானா என்று சோதிக்கும் சாட்டில், உள்ளே சேமித்து வைத்திருப்பதைப் பார்ப்பீர்களா?

இந்த மேசையை எனக்குச் செய்யத் தெரியாது. எந்தத் திருகாணி நீளம், எது குட்டை, மாறிப் போட்டால் எங்கே குத்தும் என்று எனக்கு என்ன தெரியும்? உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். மூளை பழுதாகிறது என்று நீங்கள் எழுதிய அந்தக் கடையில்தான் அது வந்தது.

கணினியைத் தொடவேண்டாம், முதலில் காகிதத்தில் செய்யுங்கள். பழைய பில் புத்தகத்தின் பின்பக்கங்களை வெட்டி வாடிக்கையாளருக்கு ஒரு அட்டை, பழுதுக்கு ஒரு அட்டை, நேரத்துக்குப் புளியங்கொட்டை. வீட்டில் யாரையாவது உட்காரவைத்து விளையாட விடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது, இதுதான் கடினம். 'அப்படியில்லை, இங்கே பாருங்கள்' என்று சொல்ல நாக்கு துடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் விதியில் பிழை இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்று என்றுதான் சொல்வார்கள். நீங்கள் கேட்காமலே அட்டையைக் குலுக்கி இரண்டாம் தடவை தொடங்குகிறார்களா என்று பாருங்கள். அப்படிப் பத்துப் பேரில் நாலு பேர் தொடங்கினால் கோடோவைத் திறக்கலாம். இருபது நிமிடத்தில் ஆடி முடிக்கும் அளவுக்குச் செய்யுங்கள், தைப்பொங்கலுக்குள் முடியுங்கள். முடிக்கத் தெரிந்த பிறகு பண்டாரவன்னியனிடம் போகலாம். இருநூறு வருடம் பொறுத்தவன், இன்னும் ஐந்து வருடம் பொறுப்பான்.

வேலையை விடாதீர்கள். இதைச் சொன்னால் உடனே 'ஸ்டார்டூ வேலி' என்ற விளையாட்டைச் செய்த எரிக் பரோனைக் காட்டுவார்கள். உண்மைதான், படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தனியாளாக நாலரை வருடம் செய்தார், 2016 பெப்ரவரியில் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்றது. அந்த வருடங்களில் அவர் சியாட்டிலில் ஒரு திரையரங்கில் பகுதிநேரமாக ஆட்களை இருக்கையில் அமர்த்தும் வேலை பார்த்ததையும், காதலியின் உழைப்பு வீட்டைத் தாங்கியதையும் யூடியூப்காரர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஹனோயில் பெற்றோருடன் இருந்துகொண்டு டொங் நுயென் சில நாட்களில் செய்த 'ஃபிளாப்பி பேர்ட்' இருக்கிறதே என்பார்கள். 2013 மே மாதம் வந்து, மாதக்கணக்காகக் கிடப்பில் கிடந்து, அடுத்த வருடத் தொடக்கத்தில் உலகையே ஆட்டிவைத்து, பெப்ரவரியில் அவராலேயே அகற்றப்பட்டது. லொத்தர் விழுந்தவரிடம் வழி கேட்டு என்ன பயன்?

என் கதை இவற்றைவிட உங்களுக்கு உதவும். 2017 இல் கொழும்பில் கைத்தொலைபேசி விளையாட்டுகள் செய்யும் நிறுவனம் ஒன்றிலிருந்து விலகி வவுனியாவுக்கு வந்தேன். ஆறு மாதச் செலவுக்குக் கையில் காசு, ஆறு மாதத்தில் முடியும் என்று கணக்கு. மூன்று வருடம் போனது. முதல் மாத விற்பனைப் பணத்தில் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயர் மாற்றினேன், மிச்சமில்லை. இன்றும் என் வீட்டு அடுப்பு எரிவது பெரும்பாலும் பிறருடைய வேலையில்தான்: வெளிநாட்டுச் சிறு குழுக்களுக்குப் பொத்தான் வரைவது, மெனுவை ஒழுங்குபடுத்துவது, யாரோ பாதியில் விட்டுப்போன நிரலில் பிழை தேடுவது. அதிலும் ஒரு தடவை கடைசித் தவணையைக் கேட்டதும் மின்னஞ்சலுக்குப் பதில் வருவது நின்றுபோனது. அன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கை முற்பணமாக வாங்காமல் கைவைப்பதில்லை. சுயாதீன வடிவமைப்பாளர் என்றால் நாள் முழுக்கக் கற்பனையில் மிதப்பவர் என்று நினைக்கிறார்கள். என் நேற்றைய நாளில் பாதி, ஒரு பொத்தான் ஏன் சில போன்களில் மட்டும் அழுந்தவில்லை என்று பார்ப்பதில் போனது.

முதலாளியிடம் கிழமையில் ஒரு அரைநாள் கேட்டுப் பாருங்கள். அதோடு ஞாயிறும், இடையில் இரண்டு இரவும் போதும். நள்ளிரவு தாண்டி எழுதும் நிரலை மறுநாள் அழிக்கவேண்டித்தான் வரும். செய்ததை அன்றன்றே, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' இல் சேமித்து, வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தில், திரும்பி வந்த மின்சாரம் என் வன்தட்டை எடுத்துக்கொண்டு போனது. மூன்று கிழமை வேலை அதோடு போயிற்று.

தமிழில் செய்தால் விளையாடுவார்களா என்று கேட்டீர்கள். தமிழில் எழுதுங்கள், ஆங்கிலமும் சேருங்கள். உரையாடல்களை நிரலுக்குள் புதைக்காமல் முதல் நாளிலிருந்தே தனி அட்டவணைக் கோப்பில் வைத்தால் பிறகு எந்த மொழியும் சேர்க்கலாம். அதைவிடப் பெரிய தலையிடி எழுத்துரு. என் முதல் விளையாட்டை யூனிட்டியில் செய்தபோது 'பெட்டி' என்று எழுதினேன். கொம்பு ப-வை விட்டுவிட்டுப் போய் அடுத்த ட-வின் முன்னால் ஒட்டிக்கொண்டது. யூனிகோட்டில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது எஞ்சினின் வேலை, அது செய்யவில்லை. கடைசியில் நமது பழைய பாமினி எழுத்துருவைப் பிடித்தேன். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே எழுத்து உட்காருவதால் எல்லாம் நேரானது. நான் ஆறுதலடைந்த அன்றே, விளையாடுபவர் தன் பெயரை யூனிகோட்டில் தட்டச்சுச் செய்ய, திரை முழுவதும் குப்பை. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 இலிருந்து இந்தத் தொல்லை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போடுங்கள், இலவசம், கொம்பு கால் எல்லாம் தன் இடத்தில் நிற்கும்.

வெளியிடுவது பற்றிச் சுருக்கமாக. முதல் விளையாட்டை இட்ச்.ஐஓ தளத்தில் போடுங்கள். கட்டணம் இல்லை, விற்றால் அவர்களுக்கு எத்தனை வீதம் என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம். கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே தடவை 25 டொலர். புதிய தனிநபர் கணக்கென்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்த்த பிறகுதான் பொதுவில் விடலாம். வெளிநாட்டில் தனியாக இருப்பவர்கள் இந்தப் பன்னிரண்டு பேருக்கு அலைகிறார்கள். உங்களுக்கு ஊர் விளையாட்டுக் கழகம் ஒன்று போதும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 100 டொலர் கேட்கும், உங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி. வருமானம் 1,000 டொலரைத் தொட்டால்தான் அது திரும்பும். விற்பனையில் 30 வீதம் அவர்களுக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியவர் 14 நாளுக்குள் காசைத் திருப்பிக் கேட்கலாம் என்பதால், இருபது நிமிட விளையாட்டை அங்கே விலைக்குப் போடுவதில் அர்த்தமில்லை. அது அடுத்ததற்கு.

டொலர் வரும் நாளுக்கு முன் ஒரு வேலை செய்துவையுங்கள். வங்கிப் புத்தகம், அடையாள அட்டை, தளத்தில் கொடுக்கும் படிவம் மூன்றிலும் உங்கள் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். தந்தை பெயர் முன்னால் ஒன்றில், முதலெழுத்து மட்டும் இன்னொன்றில் என்று இருந்ததால் எனக்கு வந்த முதல் பணம் வங்கியில் ஒரு மாதம் தூங்கியது. டபிள்யூ-8 பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தையும் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை இருக்கிறது. அதைக் குறிப்பிடாமல் விட்டால் அமெரிக்க விற்பனைப் பங்கில் 30 வீதத்தைப் பிடித்துவிடுவார்கள்.

அப்புவிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அவர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தவேண்டாம், சொன்னாலும் அவருடைய அனுமதியில்லாமல் விளையாட்டுக்குள் வைக்கவேண்டாம். அந்தப் பன்னிரண்டு பேரில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது 2 ஜிபி ராம் உள்ள பழைய போன், அதில் ஓடினால் எதிலும் ஓடும். சார்ஜ் ஏற்றும் துவாரம் கொஞ்சம் ஆடுகிறது, வயரை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தால்தான் ஏறுகிறது. விசுவமடுவுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.